எது கை?

எனக்கு இடது கை முழங்கையோடு சரி. பிறவியிலேயே அப்படி. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். படிக்க வந்த பெண்ணொருத்தி மறந்து வைத்துவிட்டுப் போன, ஆறு பக்கமும் நிறம் சேர்க்கும் க்யூபை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன், பைத்தியம் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் இரண்டு கையால் பழகி, பிறகு சவாலுக்காக ஒற்றைக் கைக்கு வருவார்கள். எனக்கு முதல் நாளிலிருந்தே ஒற்றைக் கைதான். கட்டைவிரலும் நடுவிரலும் பிடித்துக்கொள்ள, ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் திருப்பும்.

போன வருடம் உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். ஒற்றைக் கைப் பிரிவில் சேர்ந்தேன். ஆளுக்கு ஐந்து ஆட்டம்; நேரம் குறைந்தவர்கள் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். விதி எளிதுதான். தொடங்குமுன் க்யூபைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் எடுத்துப் பார்க்கலாம். தொடங்கிய பிறகு ஒரே கை. இன்னொரு கை பட்டால் அந்த ஆட்டம் செல்லாது.

டைமரில் இரண்டு கை விரல்களையும் வைத்து எடுத்தால் நேரம் ஓடும். மறுபடி வைத்தால் நிற்கும். முதல் ஆட்டத்தில் என் இடது முழங்கையை வைக்கப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த இளம் நடுவர் தடுத்தார்.

"அது கை கணக்குல வராதுங்க மேடம். விரலைத்தான் வைக்கணும்னு ரூல். அந்தப் பக்கம் நான் வெச்சுக்கறேன்."

நான் முடித்து என் விரல்களை வைத்தாலும், அவர் கவனித்துத் தன் விரலை வைத்த பிறகுதான் டைமர் நின்றது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாமதம் என் கணக்கில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் க்யூப் வழுக்கியது. மேஜை விளிம்பில் முழங்கை தானாகப் போய் அதைத் தடுத்துவிட்டது. நடுவர் கையை உயர்த்தினார்.

"செல்லாதுங்க மேடம்."

"ஏன்?"

"இன்னொரு கை பட்டுடுச்சு."

பெண் பார்க்க வந்தவர்கள், வேலைக்கு நேர்காணல் வைத்தவர்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர்கள், எல்லாரும் என்னிடம் ஒரு கை இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கை என்று முதல்முதலாகச் சொன்ன மனிதர், என் ஆட்டத்தைப் பறிப்பதற்காகச் சொன்னார்.

"முதல் ஆட்டத்துல டைமர்ல வைக்கப் போனப்ப இது கை இல்லன்னீங்க. இப்ப மட்டும் எப்படிக் கை ஆச்சு?" என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கமாக இல்லை.

தலைமை நடுவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அதற்குள் பின்னாலிருந்து, போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்த ஒரு அப்பா, "பாவம் சார், அவங்களுக்கு இன்னொரு சான்ஸ் குடுங்க" என்றார். தலைமை நடுவரும் உடனே தலையாட்டினார்.

"குடுத்துடலாம்மா. உங்களை மாதிரி இருக்கறவங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

அதுவரை இருந்தது கோபமே இல்லை. அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது.

"எந்த ரூல்படி குடுக்கறீங்க? பாவம்னு ஒரு ரூல் இருக்கா? இது கைன்னா அந்த ஆட்டம் செல்லாதுதான், ஒத்துக்கறேன். ஆனா கைதான்னா, டைமர்லயும் இதைத்தான் வைப்பேன்."

அவர் கொஞ்ச நேரம் என் முழங்கையையே பார்த்தார். பிறகு, "வைங்க" என்றார்.

வைத்தேன். டைமருக்கு விரல், முழங்கை என்ற வித்தியாசம் தெரியவில்லை. மிச்சமிருந்த ஆட்டங்களை நானே தொடங்கி நானே நிறுத்தினேன். ஆனாலும் இரண்டாம் சுற்றுக்குப் போக முடியவில்லை. பட்டியலில் ஒரே ஒரு இடம் பின்தங்கிவிட்டேன்.

மண்டபத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த என் கணவர், திரும்பும் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்: "அந்த சான்ஸை வாங்கியிருந்தா போயிருக்கலாம்."

"பிச்சை வாங்கியா போகணும்?"

பஸ் திருவானைக்காவலைத் தாண்டியது. பிறகு அவரே, "முழங்கை வெச்சப்ப டைமர் ஒழுங்கா ஓடுச்சுல்ல?" என்று கேட்டார்.

"ஓடுச்சு."

"அப்ப முன்னாடி ஆடினதுல உன் நேரத்தைக் கெடுத்தது அவங்கதானே? அதை எவன் திருப்பித் தருவான்?"

இப்போது அவர் குரல் உயர்ந்திருந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து போட்டி நடத்தியவர்களுக்குப் புகார் அனுப்பினோம். பதில் வந்தது. என் தன்னம்பிக்கையைப் பாராட்டியிருந்தார்கள். டைமரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.