பாக்கெட்டில் கிடந்த பங்களா

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பாழடைந்த பங்களா. அதன் பின்கட்டில் குடியிருந்துகொண்டு, வாசலிலேயே இஸ்திரி வண்டி போட்டிருந்தவள் காந்திமதி. பக்கத்துக் காலனியின் துணியெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். அவளிடம் ஒரு வழக்கம். பாக்கெட்டில் எது கிடந்தாலும், பழைய பஸ் டிக்கெட்டே ஆனாலும், உடையவர் கையில்தான் கொடுப்பாள். அவர் அதைப் பார்த்து, இன்னது, சரியாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும்வரை நகரமாட்டாள். வந்த புதிதில், காணாமல் போன ஒரு மோதிரத்துக்காகத் திருட்டுப் பட்டம் சுமந்தவள் அவள். மோதிரம் அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. சொன்ன சொல்லை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பங்களா ஒரு ரயில்வே கான்ட்ராக்டர் நூறு வருஷத்துக்கு முன் கட்டியது. கொள்ளுப்பேரன் சாலமன் அதை இடிக்காமல் பழுது பார்த்து, குறைந்த வாடகைக்குப் பன்னிரண்டு வீடாக்கப் பார்த்தார். அதில் ஒன்று காந்திமதிக்கு என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஆனால் பங்களாவுக்குப் போகும் வழி காலனிக்குச் சொந்தம். காலனிச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணனோ, இடியப்போகிற கட்டடம், மாநகராட்சிக்கு மனு கொடுத்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்றார். இரு தரப்பும் பேசி ஒரு எஞ்சினியரைப் பார்க்க வைத்தார்கள். ரிப்போர்ட் செயலாளர் கைக்கு வர வேண்டியது; இன்னும் வரவில்லை என்றே அவர் சொல்லிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம், அவர் ஒருநாள் மட்டும் போட்ட பேன்ட் துவைக்காமலே மடிப்புக்கு வந்தது. பாக்கெட்டில் நாலாக மடித்த தாள். பங்களாவின் படம் தெரியவே, காந்திமதியின் மகள் அனுப்பிரியா வாங்கிப் பிரித்துவிட்டாள்.

"யம்மா, எஞ்சினியர் ரிப்போர்ட்டு! சுவரு, அஸ்திவாரம் எல்லாம் கெட்டியா கீதாம். கூரையும் படிக்கட்டும் மாத்தினா குடியிருக்கலாமாம். போன வாரத் தேதி போட்டுக்கீது. இரு, போட்டோ புடிச்சு காலனி குரூப்புல போட்றேன்."

"கீழ வையி."

"வூடு போயிடும்மா!"

"அடுத்தவங்க பாக்கெட்டுல கெடந்தத ஊருக்குக் காட்டினா, நாளைக்கு எவ என்னை நம்பித் துணி போடுவா? வையின்னா வையி."

"நல்லா வெச்சுக்கோ உன் நாயத்த. ரோட்டுல குந்திகினு இஸ்திரி போடு!"

காந்திமதி தாளை வாங்கி மடித்து வைத்தாள். மடிப்பு ஒன்றுக்கு மூன்று தரம் பெட்டி ஓட்டினாள்.

மறுநாள் காலை பூங்காவில் நாற்காலி போட்டு நாற்பது பேர். சாலமனும் காந்திமதியும் ஓரத்தில் நின்றார்கள்.

"குறைஞ்ச வாடகைன்னா யார் வருவாங்க? யோசிச்சுப் பாருங்கோ" என்றார் ஒருவர்.

"நம்மாத்துக்கு வேலைக்கு வர்றவா எங்கே குடியிருக்கணுமாம்?" என்று லக்ஷ்மிநாராயணனின் மனைவி நாகலக்ஷ்மியே கேட்டாள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"போதும் நாகு. சுவர் இடிஞ்சு குழந்தைகள் மேல விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார் செயலாளர். "இடிக்கச் சம்மதம்னா கையைத் தூக்குங்கோ."

கைகள் எழத் தொடங்கின. பத்து. பதினைந்து. காந்திமதி மடித்த பேன்ட்டும் தாளுமாக நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், உங்க பாக்கெட்டுல இருந்துச்சு."

அவர் தாளை வாங்கிச் சட்டென்று சட்டைப் பைக்குள் செருகினார். "சரி, சரி. நீ போ."

"பாத்துச் சொல்லுங்க சார்."

"அப்புறம் பாக்கலாம் காந்திமதி."

"இருபது வருசமா நீங்க பாத்துச் சொல்லாம நான் போனதில்ல சார்."

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அவளுடைய வழக்கம் தெரியாதவர் அங்கே யாருமில்லை.

"சொல்லிடுங்கோ சார், அவ நகரமாட்டா" என்று பின்வரிசையில் யாரோ கேலியாகச் சொன்னார்கள். நாகலக்ஷ்மி சிரிக்கவில்லை. கணவரின் பையிலிருந்து தாளை உருவிப் பிரித்தாள், படித்தாள், அவர் கையிலேயே திணித்தாள்.

"நீங்களே படியுங்கோ. சத்தமா."

அவர் படித்தார். குரல் பாதியில் கம்மிற்று. முடிந்ததும் காந்திமதி கேட்டாள்: "சரியா இருக்குதா சார்?"

"சரியா இருக்கு."

அவள் திரும்பி நடந்தாள். ஒவ்வொரு கையாக இறங்கியது. பங்களாவுக்கு வழிவிடலாமா என்று கேட்டபோது இருபத்தாறு கைகள் எழுந்தன. முதல் கை நாகலக்ஷ்மியுடையது.

திங்கட்கிழமை செயலாளர் வீட்டுத் துணி வராது என்றே காந்திமதி நினைத்திருந்தாள். வந்தது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். அவருடைய சட்டை, பேன்ட் ஒவ்வொன்றிலும் பாக்கெட்டுகள் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.