பட்டாளத்து அண்ணனின் கையாலை

தொண்ணூறுகளில் பாறசாலையில் ஒரு டியூட்டோரியலில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்று சண்டையில் காஷ்மீர் எல்லைக்கோடு எப்படி நகர்ந்தது என்று போர்டில் வரைந்து காட்டுவேன். என் வீட்டு எல்லை நகர்ந்ததைத்தான் தடுக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் அந்தச் சண்டையில் நின்றுவந்த பட்டாளக்காரர். எங்கள் இரண்டு வீட்டுப் பறம்புக்கும் நடுவே எல்லையாக மண் கையாலை, இடுப்புயரச் சுவர். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் அது சரியும். மழை விட்டதும் யார் முதலில் மம்பட்டி எடுக்கிறாரோ அவர் மண் வெட்டித் திரும்ப வைக்கலாம், ஊர் வழக்கம் அது. நான் டியூட்டோரியலுக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் எடுப்பார். மண்ணும் என் பக்கத்து மண், கையாலை தள்ளிவருவதும் என் பக்கம்.

"இது என்ன நியாயம் அண்ணே?"

"எலே, சண்டை நின்ன அன்னைக்கு எவன் எங்க நிக்கானோ, அதாக்கும் எல்லை. நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கது இதுதானே."

மண் போனால் போகட்டும். எனக்கு வயிறெரிந்தது ஓரத்தில் நின்ற வரிக்கைப் பிலா மரத்துக்காக. எங்கள் வீட்டு வாசலில் தகரம்தான் கதவு. அந்த மரத்துத் தடியை அறுத்து ஒரு நல்ல கதவு போடணும் என்று நானும் மனைவியும் எத்தனை காலமாக ஆசைப்பட்டோம். அந்த வருஷம் கையாலை மரத்தையும் தாண்டிவிட்டது. பஞ்சாயத்து மெம்பரைக் கூட்டிவந்தேன். "என் மண்ணுல நிக்கு, என் மரம்" என்றார் அண்ணன். மெம்பர் அந்த மரத்துச் சக்கைப்பழம் தின்றுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் துலாமழைக்கு மரம் சாய்ந்தது. வருஷாவருஷம் அண்ணன் மண் எடுத்ததில் என் பக்கத்து வேரெல்லாம் வெளியே கிடந்தது. விழுந்ததோ நேரே அவருடைய மாட்டுத்தொழுவத்தில். நல்லவேளை, மாடு மேயப் போயிருந்தது.

இந்தத் தடவை மெம்பரைக் கூட்டிவந்தது அண்ணன். "இவனுக்க மரம் என் தொழுவத்தை ஒடச்சுப்போட்டு."

"உங்க மரம்னு சொன்னீங்கல்லா அண்ணே?"

"எனக்கெதுக்கு மரம்? பழைய கையாலை அன்னா கிடக்கு, பாரு. மரம் உனக்குள்ளதாக்கும்."

ஊர் கேட்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தொழுவத்தைக் கட்டிக்கொடுத்தேன். தடியை அறுத்துக் கதவு போட்டேன். பொய் சொல்வானேன், தலைகால் புரியாத சந்தோஷம்.

கதவு போட்ட அன்றே அண்ணன் வந்து தடவிப் பார்த்தார். "நல்ல தடி. என் மண்ணுல வளந்ததாக்கும்."

"உள்ள வாங்க அண்ணே" என்று மனைவி நாற்காலியை வாசலோரம் போட்டாள். அவர் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். எழுந்து போகிறவரை நான் அந்த நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.