சாத்துக்குடித் தோலும் பச்சைத் தண்ணீரும்

கல்யாணமான இரண்டாம் வருடம் நான் பகுதி நேரமாக எம்.ஃபில். வேதியியல் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூரில் ஒரே அறையும் சமையலறையும் கொண்ட வீடு. கணவருக்குத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. பழத்தோலை வைத்துச் சாயக்கழிவு நீரின் நிறத்தை எடுக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. அதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பழத்த யாரு துன்றது?"

கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஓர் அக்கா ஜூஸ் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் சாத்துக்குடித் தோல் குவிந்து கிடக்கும். கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாட்டுக்காரரு வந்து எடுத்துகினு போவாரு. உனுக்கு இன்னாத்துக்கு?"

"சாயத்தண்ணியச் சுத்தம் பண்றதுக்குக்கா."

"படிச்ச பொண்ணு சொல்ற. இருக்கும். மாட்டுக்குப் பாதி, உனுக்குப் பாதி."

மூட்டையோடு ஏறினால் பஸ் முழுக்க மணக்கும். ஒரு கண்டக்டர், "ஸ்ட்ரா கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

மொட்டைமாடியில் நான்கு நாள் காயவைத்து இடித்தோம். திருமழிசையில் தென்னைநார் மிதியடிகளுக்குச் சாயம் போடும் சின்னப் பட்டறை ஒன்றிலிருந்து கணவர் ஒரு கேன் கழிவுநீர் வாங்கி வந்தார். கரும்பச்சை. கண்ணாடிக் குப்பியில் அதை ஊற்றித் தோல்தூளைப் போட்டு ஒரு மணி நேரம் குலுக்கினேன். வடிகட்டிப் பார்த்தால் பச்சை போயிருந்தது. ஆனால் தண்ணீர் மங்கிய மஞ்சளாக, டீ நிறத்தில் நின்றது. தோலின் சொந்த நிறம் இறங்கிவிட்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பச்ச போயிடுச்சே!"

"மஞ்சள் வந்துடுச்சே!"

"புதுச் சட்ட எடுத்தா இன்னா பண்ணுவ? சாயம் போற வரைக்கும் அலசுவ இல்ல? இத்தயும் அலசு."

இத்தனை வருடமாகப் புத்தகத்தில் தலையைப் புதைத்திருந்த எனக்கு அது தோன்றவேயில்லை. சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினோம். அலசிய தண்ணீர் நிறமில்லாமல் வந்த பிறகே மறுபடி காயவைத்தோம். அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், கைக்கொரு குப்பியாகப் பிடித்துக்கொண்டு ரேடியோ பாட்டுக்கு ஆடியபடியே அவர் குலுக்கினார். வடிதாள் வழியாக இறங்கிய தண்ணீருக்குப் பின்னால் பிடித்த கிழிந்த காலண்டர் தாளின் எழுத்து அப்படியே தெரிந்தது. "ஏய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

மறுவாரம் தோல்தூளோடு திருமழிசை போனோம். அங்கே சாயம் போடும் அம்மாவுக்கு மணிக்கட்டு வரை கை பச்சை. எங்கள் வாளியைக் கடைசிவரை சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் வடித்ததும் விரலை விட்டுக் கலக்கினார்.

"இன்னாம்மா, மந்திரம் கிந்திரம் போட்டியா?"

"தோல்தாம்மா."

"தண்ணி வெளுத்துச்சு. எங் கை வெளுக்காதா?"

மிச்சமிருந்த தூளை அள்ளி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார். துளிகூடப் போகவில்லை. மோந்து பார்த்து, "போவட்டும், வாசனயாவது கீது" என்றார். பட்டறையே உருண்டு சிரித்தது.

முதலாளிதான் சிரிக்காமல், "சாயம் ஏறின தோலை எங்கேம்மா கொட்டுறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆய்வேட்டிலும் அதை ஒளிக்காமல் எழுதினேன். இருந்தாலும் செய்து பார்க்க ஒரு டிரம் கொடுத்தார். அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் அந்த அம்மாவும் நானும் மூங்கில் கழியால் மாற்றி மாற்றிக் கலக்கினோம். மழைக்காலம் வந்து ஜூஸ் வியாபாரம் படுத்ததும் தோல் கிடைக்காமல் அது நின்றுபோனது. எனக்குப் பட்டம் கிடைத்தது.

அந்தக் கோடையில் டிரம்மிலிருந்து முதன்முதலாகத் தெளிந்து வந்த தண்ணீரை யாரும் சாக்கடையில் ஊற்றவில்லை. அந்த அம்மா அதிலேயே அடுத்த கட்டு நாரைப் போட்டு ஊறவைத்தார். நார் நனைந்து மூழ்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நானும் கணவரும் பஸ் ஏறினோம்.