காந்தம் ஒட்டிய கம்பி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஓர் இரும்புப் பட்டறையில் மீட்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். உலையின் சூட்டை அளக்க, வேறு வேறு உலோகத்தாலான இரண்டு கம்பிகளை முனையில் சேர்த்து உள்ளே செருகுவோம். தெர்மோகப்பிள் என்போம். சூடு பட்டால் அதில் கொஞ்சூண்டு மின்சாரம் பிறக்கும், மீட்டர் முள் ஏறும். எந்தக் கம்பி பிளஸ் என்று பார்க்க எங்களிடம் ஒரே வழிதான்: உடைந்த ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். ஒட்டினால் பிளஸ். இரும்புக் கம்பிக்கு அது சரி. பல வருஷம் அப்படியே செய்தேன், ஒருநாளும் தப்பியதில்லை. அந்தத் திமிர் எனக்கு.

புது உலை வந்தது. அதில் ஒட்டுகிற கம்பி இரும்பல்ல, நிக்கல். பெட்டியில் இருந்த தாளை யார் படித்தது? காந்தத்தை வைத்தேன், ஒட்டியதை பிளஸில் முடுக்கினேன்.

உலையை ஓட்டுகிறவர், சித்தியவான் பக்கம் நான் பிறந்த ரப்பர் எஸ்டேட்டுக்காரர். எஸ்டேட்டைத் துண்டுபோட்டு விற்றதும் எனக்கு முன்னால் டவுனுக்கு வந்து, என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். அன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, முள்ளு அசையவே இல்லலா. ஓட்டை வழியா பாத்தா உள்ள வெள்ளை வெளேர்னு இருக்கு."

"புது மீட்டருண்ணே, மெதுவாத்தான் ஏறும். சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நிக்கல் கம்பி மைனஸ். கம்பி தலைகீழாக இருந்ததால் சூடு ஏற ஏற முள் கீழேயே அழுந்திக் கிடந்தது. சூடு போதவில்லை என்று, மீட்டரை வைத்தே தானாக ஏறி இறங்கும் எண்ணெய் பர்னர் முழு வேகத்தில் எரிந்தது. அவர் சந்தேகம் தாங்காமல் கதவைத் திறந்தார். ஐயோ, அந்த அலறல்! தீ முகத்தில் அடித்து இரண்டு கண்ணும் போயின.

எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் கம்பியை மாற்றிப் போட்டேன். முள் விறுவிறுவென்று ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் விளங்கியது வெகுநாள் கழித்து, மாலை வகுப்பில். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டாம். அந்தச் சுழற்சிகள் ஒரே பக்கம் பார்த்து அணிவகுத்தால் காந்தம். சூட்டில் அந்த அணி ஆட்டம் காணும்போது ஓடுகிற எலக்ட்ரான்களையும் சேர்த்துத் தள்ளும். இரும்பில் மின்னழுத்தம் ஒரு பக்கம், நிக்கலில் எதிர்ப்பக்கம். இரண்டிலும் காந்தம் ஒட்டும்.

அந்த வகுப்புக்கெல்லாம் முன்பே, விபத்து நடந்த மூன்றாம் வாரம், ஒரே எஸ்டேட் ஆள் என்று மேனேஜர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அண்ணன் முகம் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார்.

"என்ன எழுதியிருக்கு தம்பி?"

விதியை மீறிக் கதவைத் திறந்தது தன் தவறு என்று மலாயில் எழுதியிருந்தது. தமிழில் சொன்னேன்.

"மீட்டர் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுண்ணே."

"அப்ப என் தப்புதான்லா. கை எங்க வெக்கணும், காட்டு."

அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து, தாளில் நானே பிடித்து அழுத்தினேன்.