குறையாத எஞ்சின் ஆயில், அணையாத விளக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று ஊர் சுற்றினோம். கோயிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை, எஞ்சின் ஆயில் வாங்க. பிஎஸ்6 புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருக்கும் யாருக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு அயப்பாக்கத்தில். மனைவி மலர் அம்பத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டு மாதம் முன்பு முழங்காலில் ஆபரேஷன். அதிலிருந்து பஸ் படி ஏற முடியாது, ஷேர் ஆட்டோவில் காலை மடக்க முடியாது. தினமும் நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். நாலு கிலோமீட்டர், நெரிசலில் இருபத்தைந்து நிமிடம். அந்த வாரம் வியாழக்கிழமை டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைத்து, அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வடிகட்டிதான் டிபிஎஃப்; அது அடைக்க ஆரம்பித்தால் இந்த விளக்கு எரியும். முழுக்க அடைத்துக்கொண்டால் வண்டி கராஜில்தான்.

"வண்டி நின்னா நானும் நின்னுக்கறேங்க. ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்," என்றாள் மலர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காலை 9:10-க்குக் கிளம்பினோம். மலர் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டு வந்தாள். 9:40-க்கு அம்பத்தூர் கடை. ஆயில் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வடிகட்டி அடைக்கும் என்று இணையத்தில் படித்திருந்ததால், வடிகட்டி உள்ள வண்டிக்கு ஏற்ற ஆயில் கேட்டேன். கடைக்காரர் லாரி ஆயில் டப்பாவை எடுத்து வைத்தார்.

"டீசல் வண்டிக்கு டீசல் ஆயில் சார். இதுக்கு மேல இன்னா வோணும்?"

அதே டப்பாவைத்தான் நாலு மாதம் முன்பு நானே வாங்கி ஊற்றியிருந்தேன். ஆவடியில் முப்பது வருடம் கனரக எஞ்சின்களோடு இருந்த நண்பர் ஒருவர், கனமான 15W-40 ஆயில்தான் எஞ்சினுக்குப் பலம் என்றார். அவ்வளவு பெரிய எஞ்சின் பார்த்தவர் சொல்லும்போது நான் யார் மறுக்க? ஊற்றிய பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் ஒரு சொட்டும் குறையவில்லை. கொஞ்சம் கூடியே இருந்தது. பெருமை தாங்காமல் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். மூன்று பேர் அதே ஆயிலை வாங்கினார்கள்.

10:50-க்கு ஆவடி. இரண்டு கடை ஏறி இறங்கினேன், கேட்டது இல்லை. தலைக்கு பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்ததுதான் மிச்சம். அங்கிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். வெயிலில் ஊர்ந்து போய்ச் சேர 12:15 ஆனது. அங்கே பாபு என்று ஒரு மெக்கானிக்கைக் காட்டினார்கள். அவர் ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தார்.

"சார், ஆயில் கொறஞ்சி நெறைய பாத்துகீறேன். சொம்மா ஏறிகினு போற ஆயில எங்கனா பாத்துகீறீங்களா? டீசல் கலந்துகினு கீது."

நடந்தது இதுதான். கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் விடும். அதற்கு இருபது, முப்பது நிமிட சீரான ஓட்டம் வேண்டும். நான் தினமும் பள்ளி வாசலில் பாதியிலேயே நிறுத்தினேன். அந்த டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலந்துவிட்டது. போதாததற்கு அந்த லாரி ஆயில் எரிந்தால் சாம்பல் அதிகம். கரி எரிந்து போகும், சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். வண்டியோடு வந்த கையேட்டை பாபு எடுத்துவரச் சொன்னார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. மெல்லிய, சாம்பல் குறைந்த ஆயிலுக்கான குறியீடு 5W-30, C3 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஆயில் அவரிடமே இருந்தது. ஆயில், ஆயில் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய்.

"லைட்டு நின்னு எரியுது, மினுக்கல. இன்னும் கெட்டுப்போவல. இப்பவே ரிங் ரோட்ல ஏறி நிறுத்தாம வுடுங்க. இனிமே வாரத்துக்கு ஒரு வாட்டி இப்டி ஓட்டலன்னா, இன்னா ஆயில் ஊத்தியும் பிரயோஜனம் இல்ல சார்."

1:50-க்கு நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறினோம். அறுபதில் வண்டலூர் நோக்கி ஓட்டினேன். கண் பாதி சாலையில், பாதி அந்த விளக்கில். மலர் பேனாவை மூடிவிட்டு முன்னால் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2:10-க்கு அது அணைந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை நீட்டா ஓடணும்னு வண்டிக்கு பாபு சொன்னாரு, உடனே கெளம்பிட்டீங்க. எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு நான் எட்டு மாசமா சொல்றேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

டப்பாவின் முன்பக்கம் டீசல் என்றிருப்பதை நம்பாதீர்கள்; பின்பக்கத்தைத் திருப்பி, உங்கள் கையேடு சொல்லும் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாமல் மோந்து பாருங்கள். விளக்கு மினுக்க ஆரம்பித்தால் சாலையில் ஓட்டிப் பார்க்காமல் நேரே மெக்கானிக்கிடம் போங்கள். வெளிவட்டச் சாலையில் சுங்கச்சாவடி உண்டு, ஃபாஸ்டேக்கில் இருப்பு வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மூவரில் ஒருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சனிக்கிழமைதோறும் இப்போது வண்டி ஓடுகிறது. வண்டலூர் வந்துவிட்டது என்பதற்காக நாங்கள் திரும்புவதில்லை.