லைனை நிறுத்திய என் நாயகி

இன்று காலை கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது பார்த்தேன். பக்கத்து சீட்டில், எங்கள் ஃபேக்டரி லைனில் வேலை செய்யும் செல்வி அக்கா போனில் படித்துக்கொண்டிருந்தது என் ஃபேன்டஸி நாவலை! புனைபெயரில் எழுதுகிறேன், அவருக்குத் தெரியாது.

நாயகிக்குப் பதினாறு வயது. பார்வையாலேயே எந்த இயந்திரத்தையும் நிறுத்திவிடுவாள். ஆனால் அந்த சக்தியே வேண்டாமென்று அழுவாள். நேற்றைய அத்தியாயத்தில் அம்மா வேலை செய்யும் ஃபேக்டரியின் உற்பத்தி லைனை நிறுத்தி, எல்லோருக்கும் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தாள். எழுதும்போது நானே கண்கலங்கினேன்.

"இன்னாக்கா, கதை எப்படி?" என்றேன்.

"அரை மணி நேரம் லைன் நின்னா அந்த புரொடக்‌ஷனை யாரு குடுக்கிறது? அவங்க அம்மாதான் ஓ.டி. நிக்கணும். இத எழுதனவ ஒரு நாள்கூட லைன்ல நின்னிருக்க மாட்டா. ஏசில குந்திகினு எழுதறா."

பர்ச்சேஸ் பிரிவில் ஏசிக்கு நேர் கீழேதான் என் சீட்.

நாயகி ஏன் சக்தியை வேண்டாமென்கிறாள் என்று பத்து அத்தியாயமாக எனக்கே பிடிபடவில்லை. ஒரகடம் வருவதற்குள் செல்வி அக்கா புரியவைத்துவிட்டார்.

இனி லைன் வேண்டாம், அவள் வேறு எதை நிறுத்தலாம்? கமெண்டில் சொல்லுங்கள். "சூப்பர்வைசர் வாயை" என்று, எழுதுவது நான்தான் என்று தெரியாமலே, அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.