ரெண்டரை அடி நிலை

எங்கள் அறக்கட்டளை வீல்சேர் வழங்கும் விழா நடத்தினால், மேடைக்குக் கட்டாயம் நான்கு படிகள் இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கான விழா. மேலே போக படிதான் வழி. அதனால் நாற்காலி வாங்க வந்தவரை இரண்டு பேர் தோளிலும் இரண்டு பேர் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மேலே நாற்காலி தயாராக நிற்கும். அதில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, பிறகு ஆளைத் தனியாகவும் நாற்காலியைத் தனியாகவும் கீழே இறக்குவார்கள். சாய்தளம் ஒன்று போடலாமே என்று நான் ஒவ்வொரு விழாவுக்கும் முன்பு கேட்பேன். பந்தல்காரர் அடுத்த தடவை பார்க்கலாம் என்பார்.

நானும் அப்படித் தூக்கப்பட்டவள்தான். கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இரண்டு காலும் போனது. புதுக்கோட்டையில் முதல் நாற்காலி வாங்கிய அன்று என்னை மேடையேற்றி, மைக்கைக் கையில் கொடுத்து, தன்னம்பிக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தூக்கிய நால்வரில் ஒருவர் வெற்றிலை போட்டிருந்தார். அந்த வாசனை என் முகத்தைவிட்டுப் போகவே இல்லை, தன்னம்பிக்கைக்கு எங்கே போவது? "நல்லா தூக்குனீங்க, நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டம் கைதட்டியது. நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துத் தலைவர் எனக்கு வேலையும் கொடுத்துவிட்டார்.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விழா என்றால் அவருக்கு உயிர். பேனரில் அவர் படம் நாற்காலிகளைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் கேமரா இல்லாத இடத்திலும் அவர் நல்ல மனிதர்தான். மனதாரத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் அதுதான் குறுக்கே வந்து நிற்கும்.

புது நாற்காலிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. எங்கள் பக்கம் சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தே தீரவேண்டும். லாரிக்கு வைக்கிறார்கள், பைக்குக்கு வைக்கிறார்கள், வீல்சேர் மட்டும் என்ன பாவம் செய்தது? ஆனால் வீல்சேரின் முன்சக்கரம் உள்ளங்கை அளவுதான். அது பழத்தின்மேல் ஏறாது, முட்டிக்கொண்டு நிற்கும். கீரனூர்க்காரர் ஒருவரைப் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளியதில், பழம் நசுங்காமல் ஆள் மட்டும் முன்னால் போய் விழப் பார்த்தார். அதன் பிறகு பின்சக்கரத்துக்கு மட்டும் பழம் என்று தீர்மானம் போட்டோம். என் பதவிக்காலத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

என் வேலை அளவெடுப்பது. இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்கால் உயரம், பிறகு வீட்டு வாசல்கள். கூட வருபவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். முன்பு வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், அதனால் பேச்சு குறைவு. கட்டுமாவடியிலிருந்து பழுதுக்கு வரும் நாற்காலியைக் கண்டால் மட்டும் பெருமூச்சு விடுவார். அங்கே ஒரு வீட்டு நாற்காலி, உரியவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. மீன் பெட்டி, ஐஸ், ஒரு தடவை படகு என்ஜின். உப்புக்காற்றில் துருப்பிடித்தது என்று அவர்கள் சொன்னதை நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

அப்படித்தான் ஒரு ஆனி மாதம் அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். அண்ணன் வேனைத் திருப்பி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எட்டு மாதத்துக்கு முன் மொட்டைமாடியில் துணி காயப்போட ஏறியவள், கைப்பிடிச்சுவர் இல்லாத பக்கமாக விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. எப்படி ஆனது என்று கேட்டேன்.

"படி இங்கிட்டு இருந்துச்சுக்கா. நான் அங்கிட்டு எறங்கிட்டேன்" என்றாள்.

அந்த ஒரு பதிலிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

மாமியாரை அவ்வளவு சுலபமாகப் பிடிக்கவில்லை. அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். பாத்ரூமுக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டால், "காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நான் தூக்கிட்டுப் போயிருவேன். மத்தபடி இவளுக்குத் தேவப்படாது" என்றார். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம். மாமியார் எனக்கும் அவளுக்கும் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். நான் உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்தேன். அவள் தொடவே இல்லை. அவள் உதடு வெடித்திருந்தது. எனக்கு அந்தக் கணக்கு தெரியும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் தண்ணீர் குடிக்காமல் படித்தவள் நான். காலையில் குடித்தால் பத்து மணிக்கு அவமானப்பட வேண்டியிருக்கும், அதனால் நான்கு மணிவரை நாக்கைப் பல்லில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் வெளியூர் போனால் குடிப்பதில்லை. நிரம்பியிருந்த இரண்டு டம்ளரையும் அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாமியார் உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தேன்க்கா. மூணு லிட்டர் குடிக்கணும், இல்லாட்டி கிட்னி போயிரும்னு டாக்டர் திட்டுறாரு. குடிச்சா யாரு தூக்குறது? அத்தைக்கு எத்தன தடவதான் கூப்புடுறது?"

ஆக, அந்த வீட்டில் நாற்காலி போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். நடுவீடு இல்லை, வாசல் இல்லை. பாத்ரூம்.

நான் அதன் கதவை அளக்கவேண்டும் என்றேன். போகிற வழியில் நெல் மூட்டைகளும் உடைந்த பீரோவும் கிடந்தன. அந்த அம்மாள் வெட்கப்பட்டு, "அங்கிட்டு ஒரே குப்பையாக் கெடக்கு. எதுக்கு நீங்க அங்கெல்லாம்? மகனக் கேட்டுருவோம்" என்று கத்தாருக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

இந்தப் பக்கத்து வீடுகளில் இது ஒரு வழக்கம். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், முகம் மட்டும் பிரிட்ஜ் மேல் சாய்த்துவைத்த போனில் இருக்கும். கறிக்குழம்பில் உப்பு முதல் கதவுத் தாழ்ப்பாள்வரை அங்கிருந்துதான் உத்தரவு வரும். அவர் அங்கே ஏசி மெக்கானிக். அளவு என்றதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்ரூம் நிலை ரெண்டரை அடிங்க. முப்பது இஞ்சு. நாந்தான் ஆர்டர் குடுத்தேன். ஒங்க வண்டி எம்புட்டு?"

"இருபத்தஞ்சு."

"அப்ப தாராளமாப் போகுமுங்க."

அளக்கும் டேப் என் மடியில் கிடந்தது. வாசல் இருபதடி தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்த அளவைப் படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். ஊரில் யார் தப்பாக அளந்தாலும் வாயில் வந்தபடி திட்டுகிறவள் நான்.

விழா நடந்தது. நான்கு படி, நான்கு பேர், சால்வை. போட்டோவில் அவள் மட்டும் கேமராவைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவருக்கு அதில் வருத்தம்.

ஒரு வாரம் கழித்து மாமியார் போன் செய்தார். "வண்டி உள்ள போக மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தலைவரிடம் சொன்னேன். "போட்டோ நல்லா வந்துருக்கேம்மா" என்றார். அவரை அப்படியே விட்டுவிட்டு அண்ணனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூட்டைகளை ஒதுக்கி வழிவிட்டிருந்தார்கள். இந்த முறை நானே போய் டேப்பை வைத்தேன். நிலை முப்பது அங்குலம்தான். மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மரத்தோடு சேர்த்த அளவு. ஆசாரியிடம் நிலை சொல்லும்போது வெளி அளவுதான் சொல்வார்கள். அதில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் மரமே எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருபத்து நான்கு. திறந்த கதவு அதில் ஒரு அங்குலம் தின்றுவிடும். எங்கள் நாற்காலி இருபத்தைந்து. ஒரு வாரமாக அவள் பாத்ரூம் வாசல்வரை தானே உருட்டிக்கொண்டு வந்து, அங்கே முட்டிக்கொண்டு நின்று, சாயங்காலத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். முன்பு கட்டிலில் காத்திருந்தாள், இப்போது எங்கள் நாற்காலியில். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

போனில் முகம் வந்தது. நிலையைப் பெயர்த்துப் பெரிதாக வைக்கவேண்டும் என்றேன்.

"ஆடி மாசங்க. நிலைல கை வைக்கக் கூடாது. நான் தைக்கு வாரேன், வந்து பாத்துக்கிறேன்."

"தம்பி, இது தலைவாசல் இல்ல. கக்கூஸ் வாசல். இதுக்கு யாரு மஞ்சள் பூசிப் பூப்போட்டா?"

"நிலைன்னா நிலைதாங்க."

"தைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. அதுவரைக்கும் ஒங்க சம்சாரம் அடக்கிக்கிட்டே இருக்கணுமா? நீங்க ஒரு நாள் அடக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

முகம் சிவந்தது தெரிந்தது. நான் அதோடு விட்டிருக்கவேண்டும். எனக்கு விடத் தெரியாது. மாமியார் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. மருமக தண்ணி குடிக்காமச் சாகட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. முந்தானையை விலக்கி இடுப்பைக் காட்டினார். மூன்று வலிநிவாரணிப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் அழுக்கேறி ஒட்டியிருந்தன.

"எட்டு மாசமாத் தூக்குறேன். எம் பொறந்த வீட்டுல ஒரு சாவுக்குக்கூடப் போகல, இவள யாரு தூக்குறதுன்னு. ரெண்டு தடவைக்கு மேல தூக்கினா இந்த இடுப்பு அத்துப்போயிரும். அத அவகிட்ட எப்புடிச் சொல்றது? தேவப்படாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

வில்லி என்று நான் வைத்திருந்த ஆள், இடுப்பு ஒடிய நின்றுகொண்டிருந்தார். மருமகளோ அத்தையின் இடுப்புக்காகத் தண்ணீரை விட்டிருந்தாள். ஒருவருக்கொருவர் வாயைத் திறக்காமலே எட்டு மாதம் இப்படி ஓட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் நியாயம் பேச வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அப்போது அண்ணன் வாயைத் திறந்தார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை. "நிலையத் தொட வேணாம். கதவக் கழட்டுனா இருபத்து நாலு. வண்டியில கைவளையத்தக் கழட்டுனா இருபத்து மூணு."

கைவளையம் என்பது பெரிய சக்கரத்தின் வெளிப்பக்கம் தள்ளுவதற்காக இருக்கும் கம்பி. அது இல்லாவிட்டால் டயரையே பிடித்துத் தள்ளவேண்டும். கை அழுக்காகும், அவ்வளவுதான். என் நாற்காலியில் அது உடைந்துபோய் வருடக்கணக்காகிறது, நான் டயரைத்தான் தள்ளுகிறேன்.

"கதவில்லாத பாத்ரூமா?" என்றது பிரிட்ஜ் மேலிருந்த போன். "ஆத்தா, நாலு பேரு வந்து போற வீடு. நான் சொல்றதக் கேளு."

அந்த அம்மாள் போனிடம் போனார். "ஏன்டா, நாலு பேரு வந்து பாக்குறதுக்கு இங்க என்ன சினிமாவா ஓடுது? பழைய சேலைய மறைப்பாக் கட்டிக்கிறோம். நீ போயிச் சாப்புடு" என்று சொல்லிவிட்டு, அதைக் குப்புறக் கவிழ்த்துவைத்தார். பிறகு அண்ணனிடம் கையை நீட்டினார். "திருப்புளியக் குடுங்க. கீல் எங்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்."

மேல் கீலை அண்ணன் கழற்றினார், கீழ்க் கீலை அந்த அம்மாள் கழற்றினார். கதவைச் சுவரோரம் சாய்த்தார்கள். கைவளையங்களுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. பாத்ரூம் தரை இரண்டு அங்குலம் பள்ளம், அதற்கு வேனிலிருந்த பலகையைச் சீவி வைத்தார் அண்ணன். மேலே ஒரு கம்பியில் பச்சைச் சேலை தொங்கியது.

அவள் உருட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றாள். டயரில் கை வைத்தால் மரத்தில் விரல் உரசும், இரண்டு பக்கமும் அரை அங்குலம்தான் இடம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆடி மாதத்தில் யாரும் தொடக்கூடாத அந்த நிலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நாற்காலி உள்ளே போயிற்று. சேலை விழுந்து மூடிக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் நெல் மூட்டைகள் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். மாமியார் பழக்கத்தில் இரண்டு தடவை, "நான் வரட்டா?" என்று கேட்டார். இரண்டு தடவையும் உள்ளிருந்து, "வேணாம் அத்தை" என்று பதில் வந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை ஒரு வாரமாகப் பழகியிருந்தாள், அதனால் இதுவும் முடிந்தது. ரொம்ப நேரம் பிடித்தது. தண்ணீர் விடும் சத்தம் கேட்டதும் அந்த அம்மாள் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் நேராக அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போனாள். குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, நிறுத்தாமல், கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். மறுபடியும் ஒன்று மொண்டு குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை அவளுடைய அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது செம்பை நிரப்பி என்னிடம் நீட்டினாள். வேனில் புதுக்கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"ஒங்க வண்டியும் இருபத்து மூணுதானக்கா?" என்றாள். "குடிங்க. இங்க போயிட்டுப் போகலாம்."

வாங்கிக் குடித்தேன். முழுச் செம்பும்.